நில்லாச் சாலை வாரம்

அபராதச் செய்தி வந்தபோது வால்டர் எர்ணாவூருக்குப் பக்கத்தில், எண்ணூர் விரைவுச் சாலையில், தன் டிரெய்லரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள் காலையிலிருந்து அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முன்னால் துறைமுக கேட் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள். பின்னால் எண்ணூர் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள். விரைவுச் சாலை என்று பெயர் வைத்தவர்களை அந்தப் பக்கத்து டிரைவர்கள் யாரும் இப்போது குறை சொல்வதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

செல்போனில் வந்த செய்தி, அவருடைய வாகனம் தடைசெய்யப்பட்ட இடத்தில் நிறுத்தப்பட்டிருப்பதாகச் சொன்னது. சான்றாக ஒரு புகைப்படமும் இருந்தது. வால்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். லாரியின் முகம் தெரிந்தது. ஜன்னலில் ஒரு முழங்கை தெரிந்தது. முழங்கைக்கு மேலே டீ கிளாஸ் தெரிந்தது. கையிலிருந்த டீ கிளாசை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அனுப்பியது சரக்கு வாகன நிறுத்த ஒழுங்காணையம். அந்தச் சாலையில் லாரிகள் நிற்காமல் பார்த்துக்கொள்வதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்டது. அதற்கு ராயபுரத்தில் ஒரு கட்டடமும், சில ஜீப்புகளும், ஒரு விழிப்புணர்வுப் பாடலும் இருந்தன. லாரிகள் ஏன் நிற்கின்றன என்று பார்ப்பது வேறு யாருடைய வேலையோ. அந்த வேறு யாரோ இன்னும் நியமிக்கப்படவில்லை.

அந்த வருஷத்தில் வால்டருக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் இதே வரிசையில் நிற்கும்போது வந்தவைதான். கட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். எதிர்த்துப் பேசுவது அவர் சுபாவம் இல்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனிடமே அவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஆனால் மூன்றாவது என்பது வேறு. மூன்று சேர்ந்தால் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கிவைப்பார்கள். மூன்று மாதம் அவர் வண்டியை வேறொருவன் ஓட்டினால், நான்காவது மாதமும் அவனேதான் ஓட்டுவான். லாரி முதலாளி அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

படம் எடுத்த ஜாபர் இன்னும் தூரம் போகவில்லை. ஆணையத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவன். பைக்கைச் சாலை நடுவில் குறுக்கே போட்டுவிட்டு, கையடக்க மெஷினில் பின்னால் நின்ற லாரியை எடுத்துக்கொண்டிருந்தான். வால்டர் இறங்கிப் போனார்.

"ஜாபரு, இன்னா நைனா இது. நான் லைன்ல கீறேன்."

"தெரியும் மாமு."

"தெரிஞ்சேவா போட்டே?"

"மிசின்ல லைனுன்னு ஒரு பட்டனே இல்ல மாமு. தோ, நீயே பாரு." திரையைக் காட்டினான். தவறான நிறுத்தம், இரட்டை நிறுத்தம், நடைபாதை நிறுத்தம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. "நீ நடபாதைல ஏறல. இன்னொரு வண்டிய ஒட்டிகினும் நிக்கல. மிச்சம் இது ஒண்ணுதான். இருக்குறதுலயே கம்மியானதத்தான் உனக்குப் போட்டேன்."

நன்றி சொல்ல வேண்டுமோ என்று வால்டருக்குத் தோன்றியது. நிச்சயமாகத் தெரியாததால் சொல்லவில்லை.

"எவ்ளோ நேரம் நின்னா ஃபைனு?"

"பத்து நிமிசம்."

"நேத்துலேர்ந்து லைனே நவுரல நைனா. கேட்ல கம்ப்யூட்டர் படுத்துகிச்சாம்."

"அத்த ராயபுரம் ஆபீசுல சொல்லணும். எதிர்த்துக் கேக்கலாம் மாமு, உனக்கு உரிமை கீது. இன்னா ஒண்ணு, நேர்ல போவணும்." ஜாபர் பைக்கை உதைத்தான். "என்னத் தப்பா நெனக்காத. சாய்ங்காலத்துக்குள்ள நூறு வண்டி காட்டலன்னா நாளைக்கு வேலைக்கு வராதன்றான் கான்ட்ராக்டரு."

வால்டர் மனைவிக்கு போன் செய்தார். ஆலிஸ் காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். வஞ்சிரமோ சுறாவோ, எதிரில் நிற்பவர் அரசாங்க அதிகாரியோ ரவுடியோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். சோறும் நெத்திலிக் குழம்பும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"யாராவது கேட்டா, டிரைவர் ஒண்ணுக்குப் போய்க்கீறார்னு சொல்லு," என்றார் வால்டர்.

"ராயபுரத்துக்கா?" என்றாள் ஆலிஸ். ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பின்னால் நின்ற லாரியின் டிரைவர் இசக்கிப்பாண்டி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரன். அவனுக்கும் அன்றைக்கு அபராதம் வந்திருந்தது. "நீங்க போயிட்டு வாங்கண்ணே. லைன் நவண்டா ஒங்க வண்டியயும் நான் எடுத்துப் போடுதேன். நவளாது, இருந்தாலும் சொல்லுதேன்," என்றான்.

ஒழுங்காணையத்தின் அலுவலகம் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. வாசலில் வாகனம் நிறுத்தாதீர் என்ற பலகை. பலகைக்குக் கீழே ஆணையத்தின் மூன்று ஜீப்புகள் நின்றன. நாலாவது ஜீப், பலகையை மறைக்காமல் சற்றுத் தள்ளி நின்றது. உள்ளே டோக்கன் வாங்க நீளமான வரிசை. வரிசையில் நிற்பது நாகரிகம் என்று சுவரில் எழுதியிருந்தார்கள். காவலாளி ஒருவர் கையில் பிரம்புடன், விலகி நின்றவர்களைத் தட்டி வரிசைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் எச்சில் துப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது அவருடைய இடம் போய்விட்டிருந்தது. மறுபடியும் கடைசியில் போய் நின்றார். வால்டருக்கு எர்ணாவூர் லாரி வரிசையிலேயே இருப்பதுபோல இருந்தது.

மேல்முறையீட்டு அலுவலர் கிருஷ்ணப்பன் அவரை அன்போடு வரவேற்றார். சுவரெல்லாம் அவர் பொன்னாடை வாங்கும் படங்கள்.

"உட்காருங்க. இங்க வந்து யாரும் பயப்படக் கூடாது. இது மக்களுக்கான ஆணையம். நாங்க ஆரம்பிச்சப்ப அந்த ரோட்டுல தினம் அறுநூறு வண்டி நின்னுது. இன்னைக்குத் தொள்ளாயிரம் நிக்குது. இதுலேர்ந்து உங்களுக்கு என்ன தெரியுது?"

"லைன் பெருசாயிட்ச்சி சார்."

"இல்ல. எங்களோட கண்டுபிடிக்கிற திறமை பெருசாயிடுச்சு." கிருஷ்ணப்பன் அதைச் சொல்லிவிட்டு, அது மனதில் இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தார். "சரி, உங்க தரப்பு என்ன?"

"நான் வண்டிய நிறுத்தல சார். லைன்ல போய்கினு கீறேன்."

"கடைசியா எப்ப நகர்ந்தீங்க?"

"நேத்து காலைல."

"எவ்வளவு தூரம்?"

"ஒரு வண்டி நீளம் சார்."

"பாருங்க, வரிசைங்கிறது மனுஷனுக்குச் சொல்றது. வண்டிக்கு ரெண்டே நிலைதான். ஒண்ணு ஓட்டம், இன்னொண்ணு நிறுத்தம். மூணாவதா ஒண்ணு எங்க விதிகள்ல கிடையாது. நீங்க இப்ப இங்க இருக்கீங்க. வண்டி அங்க இருக்கு. டிரைவர் இல்லாத வண்டிக்கு என்ன பேரு?"

வால்டர் நாற்காலி நுனிக்கு வந்தார். "டிரைவர் இல்லாம இல்ல சார். எங்க வூட்டுக்காரி குந்திகினு கீது."

"எந்த சீட்டுல?"

"பக்கத்து சீட்டுல."

"அப்ப டிரைவர் சீட்டுல யாரும் இல்ல." பக்கத்து மேஜை எழுத்தரைப் பார்த்து, "வண்டி நிறுத்தப்பட்டிருப்பதை மனுதாரர் ஒப்புக்கொள்கிறார்னு எழுதுங்க," என்றார்.

"இல்ல சார், டிரைவர் சீட்டுலதான் குந்திகினு கீது. நான்தான் மாத்திச் சொல்ட்டேன்."

"அவங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?"

வால்டர் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஓட்டத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

"கனரக வாகனத்தை லைசென்ஸ் இல்லாத ஆள்கிட்ட ஓட்டக் குடுத்தா அது தனி வழக்கு," என்றார் கிருஷ்ணப்பன் வருத்தமாக. "நான் எதையும் உங்க மேல திணிக்க விரும்பல. நீங்களே முடிவு பண்ணுங்க. வண்டி நிக்குதா, இல்ல உங்க மனைவி ஓட்டிட்டு இருக்காங்களா?"

வெகுநேரம் யோசித்து, "ரெண்டும் இல்ல சார்," என்றார் வால்டர். தன் வாழ்க்கையில் ஓர் அதிகாரியிடம் அவர் சொன்ன மிகத் துணிச்சலான வாக்கியம் அதுதான்.

கிருஷ்ணப்பனுக்குக் கோபம் வரவில்லை. மாறாக அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் ஆணையத்தின் நில்லாச் சாலை வாரம் தொடங்குவதாக இருந்தது. தொடக்க விழாவை எங்கே நடத்துவது என்று அதுவரை முடிவாகவில்லை. "கள ஆய்வு வெச்சுடுவோம். உங்க வண்டி முன்னாடியே விழா, அங்கேயே ஆய்வு. பத்து நிமிஷம் நாங்க பார்ப்போம். நகர்ந்தா நீங்க ஜெயிச்சீங்க. நகரலன்னா லைசென்ஸை அங்கேயே குடுத்துடுங்க. ஆனா ஒண்ணு, ஆய்வு முடியிற வரைக்கும் வண்டி இருந்த இடத்துலயே இருக்கணும்."

"நவுந்தா இன்னா சார்?"

"ஆதாரத்தைக் கலைச்ச குத்தம்."

மறுநாள் விடிந்தபோது, முன்னால் நின்ற சில லாரிகளை ஓரம் கட்டவைத்துவிட்டு, வால்டரின் லாரிக்கு முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடை சாலையின் ஓரத்தில் இருந்தது. லாரிகள் போகிற தடத்தின்மேல் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. துணிக்கூரையின் ஒரு பக்கத்துக்கு மூங்கில் ஊன்றினார்கள். இன்னொரு பக்கத்துக்கு மூங்கில் போதவில்லை. பந்தல்காரர் சுற்றிப் பார்த்தார். அந்த வட்டாரத்தில் அசையாத பொருள் என்று அவருக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது. கயிறுகளை வால்டரின் லாரி பம்பரில் இழுத்துக் கட்டினார்.

அன்று காலையில்தான் துறைமுக கேட்டின் கம்ப்யூட்டர் சரியானது. பந்தலுக்கு முன்னால் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பிறகு வேகமாக நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் பந்தலுக்கு அந்தப் பக்கம் திருவொற்றியூர் வரைக்கும் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. நடுரோட்டில் ஒரு நாய் நீட்டிப் படுத்தது. அப்படி ஒரு காட்சியை அந்த டிரைவர்கள் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. இந்தப் பக்கம் இசக்கிப்பாண்டிக்குப் பின்னால் எண்ணூர் வரைக்கும் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

வால்டருக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. கன்டெய்னரில் இருந்தது ஏற்றுமதிக் காலணிகள். மதியத்துக்குள் உள்ளே போகாவிட்டால் அந்தக் கப்பல் போய்விடும். "கேட் காலியா கெடக்குன்னு எல்லா டிரைவரும் சொல்றான். நீ எங்கய்யா இருக்கே?" என்றார் முதலாளி.

"பந்தல்ல கீறேன் சார்," என்றார் வால்டர். முதலாளி போனை வைத்துவிட்டார்.

கிருஷ்ணப்பன் வந்து இறங்கினார். ஆணையத்து ஊழியர்களின் பைக் ஊர்வலத்தைத் தொடங்கிவைப்பதற்காகக் கையில் ஒரு பச்சைக் கொடி வைத்திருந்தார். ஒருவர் குடை பிடித்தார். ஒருவர் வால்டரின் முன்சக்கரத்தை ஒட்டித் தார்ச்சாலையில் சுண்ணாம்பால் கோடு போட்டார். பத்திரிகைப் புகைப்படக்காரர் கோட்டைப் படம் எடுத்தார். நாற்காலிகள் காலியாக இருந்ததால் டிரைவர்களை இறங்கிவந்து உட்காரச் சொன்னார்கள். முப்பது நாற்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் ஜாபர் மெஷினோடு லாரி வரிசையின் ஓரமாக நடக்க ஆரம்பித்தான். சற்று நேரத்தில் நாற்காலிகளில் இருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின.

இசக்கிப்பாண்டி தன் போனைப் பார்த்துவிட்டு எழுந்தான். "சார், ஆளு இல்லாத வண்டிக்குத் தவறான நிறுத்தம்னு ஃபைன் வந்துருக்கு. எறங்கி வரச் சொன்னதே நீங்கதான சார்."

"விழாவுக்கு வந்ததுக்கு நன்றி தம்பி. அது வேற பிரிவு, இது வேற பிரிவு. உட்காருங்க," என்றார் மேடையில் இருந்தவர்.

கிருஷ்ணப்பன் ஒலிபெருக்கியைப் பிடித்து, ஆய்வின் பத்து நிமிஷம் தொடங்கிவிட்டது என்று அறிவித்தார்.

"பெருமக்களே. நிற்பது என்பது ஒரு மனநோய். ஒருவன் நிற்கிறான் என்றால் அவன் முன்னேற விரும்பவில்லை என்று பொருள். நானும் ஒரு காலத்தில் இதே துறையில் சாதாரண எழுத்தராக இருந்தேன். நான் நின்றேனா? இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களை நகர்த்திவிட்டு இந்த இடத்துக்கு வந்தேன். இந்த ஓட்டுநர்களை நான் கேட்கிறேன், உங்களுக்கு முன்னால் இருப்பது என்ன?"

டிரைவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவருக்குப் பக்கவாட்டில் பந்தலின் மூங்கில்கள், மூங்கில்களுக்கு அந்தப் பக்கம் காலிச் சாலை.

"தடை," என்றார் கிருஷ்ணப்பன் தானே. "அந்தத் தடை உங்கள் மனதில் இருக்கிறது. சென்ற ஆண்டு நமது ஆணையம் வசூலித்த தொகை முன்னெப்போதும் இல்லாதது. வாகனங்கள் நிற்காமல் இருந்திருந்தால் இந்தச் சாதனை சாத்தியமா என்பதை எண்ணிப்பாருங்கள்."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் நின்றவரைப் பார்த்து ஜாபர் பழக்கதோஷத்தில் மெஷினைத் தூக்கினான். பிறகு நினைவு வந்து இறக்கிக்கொண்டான்.

வால்டர் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றார். பேச்சுக்கு நடுவே கிருஷ்ணப்பன் தண்ணீர் குடித்தபோது மெதுவாகச் சொன்னார். "சார், ரோடு காலியா கீது. பந்தலைக் கொஞ்சம் ஒதுக்கினா போயிடுவேன் சார். கப்பலு போயிடும்."

"ஆய்வு நடக்குதே."

"நவுருதான்னு பாக்கத்தானே சார் ஆய்வு. நவுந்து காட்றேன்."

கிருஷ்ணப்பன் தண்ணீர் பாட்டிலை மூடினார். "நீங்களா நகர்த்தினா அது ஆய்வு முடிவுல தலையிடுறது. வண்டி தானா எப்படி இருக்குன்னுதான் நாங்க பார்க்கணும். இன்னும் நாலு நிமிஷம்தான். கோட்டைத் தாண்டலன்னா முடிஞ்சுது. லைசென்ஸ் எடுத்து வெச்சுக்கங்க, சேர்த்து ஒரு படம் எடுத்துடலாம்."

வால்டர் திரும்பி நடந்தார். லாரியின் கதவைத் திறந்து ஏறினார். பக்கத்து இருக்கையில் ஆலிஸ் நெத்திலிக் குழம்பின் காலிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாயா சொல்றான்?"

"நவுரக் கூடாதாம்."

"எதுக்கு?"

"நவுருதான்னு பாக்குறாங்களாம்."

வெளியே ஒலிபெருக்கி மறுபடியும் தொடங்கியது. வால்டர் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். அதில் இருந்த படம் இருபத்தைந்து வயதில் எடுத்தது. தலைநிறைய முடி.

"ரோடு காலியாதானே கீது?"

"கேட்டு வரைக்கும் காலி."

"சாவி எங்க?"

"வண்டிலயேதான் கீது."

"அப்பால இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாத்துகினு கீறே."

வால்டர் இன்ஜினைக் கிளப்பினார். அந்தச் சத்தம் கேட்டதும் நாற்காலிகளில் இருந்த டிரைவர்கள் அத்தனை பேரும் எழுந்து, நாற்காலிகளைத் தாங்களே மடக்கி ஓரத்தில் சாய்த்துவிட்டு, தங்கள் லாரிகளைப் பார்க்க ஓடினார்கள். விழாவில் அதுவரை நடந்த காரியங்களிலேயே ஒழுங்காக நடந்தது அதுதான். லாரி ஒரு குலுக்குக் குலுக்கிச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது. வால்டர் பம்பரில் கட்டியிருந்த கயிறுகளை மறந்திருந்தார். பந்தல் அவரோடு கிளம்பியது. மூங்கில்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. நில்லாச் சாலை வாரம் என்று எழுதிய பேனர் சரிந்து கன்டெய்னரின்மேல் விழுந்து படிந்தது. ஒலிபெருக்கியின் ஒயர் அறுந்தது.

மேடையில் கிருஷ்ணப்பன் நிறுத்து, நிறுத்து என்று கத்தினார். குரல் எங்கும் போய்ச் சேரவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார். வலது கையில் பச்சைக் கொடி இருந்தது. புகைப்படக்காரர் அழகாக ஒரு படம் எடுத்தார்.

வால்டருக்குப் பின்னால் இசக்கிப்பாண்டி. அவனுக்குப் பின்னால் எண்ணூர் வரைக்கும் இருந்த அத்தனை பேரும். திருவொற்றியூரில் ஜனங்கள் சாலையோரம் நின்று, பந்தலோடு போகும் லாரியைப் பார்த்தார்கள். ஒரு கல்யாண வீட்டுக்காரர் தங்கள் பந்தலோ என்று கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தார். துறைமுக கேட்டில் காவலர்கள் பேனரைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டார்கள். ஆலிஸ் பதில் சல்யூட் அடித்தாள். காலணிகள் கப்பல் ஏறின.

அன்று முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. லைசென்ஸோடு போகுமா, ஜெயில் வரைக்கும் போகுமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் அவர் முதலாளிக்காக இன்னொரு லோடு ஏற்றிவந்து எர்ணாவூரில் மறுபடியும் வரிசையில் சேர்ந்த சமயம், ஆணையத்திலிருந்து போன் வந்தது. உடனே நேரில் வரும்படி உத்தரவு. இசக்கிப்பாண்டியிடம் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். "தனியா போய் நீ எத்த வேணா ஒத்துகினு வருவ," என்று சொல்லி ஆலிஸும் மீன் வெட்டுகிற இடத்திலிருந்து அப்படியே வந்து சேர்ந்தாள்.

கிருஷ்ணப்பனின் மேஜையில் அன்றைய பத்திரிகை கிடந்தது. முதல் பக்கத்தில் அவர் படம். பச்சைக் கொடியை உயர்த்தியிருக்கிறார், அவர் எதிரே பேனர் போர்த்திய லாரி புறப்படுகிறது. கொடியசைத்தார் அதிகாரி, ஒரே நாளில் கரைந்தது லாரி வரிசை என்று தலைப்பு. வாழ்த்துச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்த பூங்கொத்து ஒன்று, வைக்க இடம் இல்லாமல் வால்டரின் நாற்காலியில் இருந்தது. அவர் நின்றுகொண்டார்.

"சார், தெரியாம நடந்துட்ச்சி. பந்தலுக்கு இன்னா ஆவுதோ," என்று ஆரம்பித்தார் வால்டர்.

"இருங்க. நான் கையைத் தூக்கினேனா?"

"தூக்கினீங்க சார். நிறுத்தச் சொல்லி..."

"தூக்கினேனா, இல்லையா?"

"தூக்கினீங்க."

"கையில என்ன இருந்தது?"

"கொடி."

"வண்டி போச்சா?"

"போயிட்ச்சி சார்."

"அவ்வளவுதான்." கிருஷ்ணப்பன் பின்னால் சாய்ந்துகொண்டார். "நடந்ததை நடந்தபடி நீங்களே சொல்லிட்டீங்க. மேலிடத்துலேர்ந்து அந்த முதல் வண்டி டிரைவரோட பேட்டி கேக்குறாங்க. நான் கொடியசைச்சேன், நீங்க கிளம்பினீங்க. இதைச் சொன்னா போதும். உங்க ஃபைனை ரத்து பண்ணிடுறேன். நான் கொடியசைச்சு அனுப்பின வண்டி நின்ன வண்டியா இருக்க முடியாது இல்லையா."

வால்டர் சரி என்று சொல்ல வாயெடுத்தார். ஆலிஸ் முந்திக்கொண்டாள். மீன் செதில் ஒன்று அவள் முழங்கையில் ஒட்டி மின்னிக்கொண்டிருந்தது.

"சார், பேப்பர்ல இன்னா போட்டுக்கீது? ஒரு லாரி போச்சுன்னா, லைனே போச்சுன்னா?"

"வரிசையே கரைஞ்சதுன்னு போட்டிருக்காங்க."

"அப்ப பின்னாடி வந்த லாரியெல்லாம் நீ கொடியாட்டி வந்ததுதானே?"

கிருஷ்ணப்பன் பத்திரிகையைப் பார்த்தார். "ஒரு வகையில..."

"சேர்ல வந்து குந்துனதுக்கு ஃபைன் போட்டியே, அந்த வண்டிங்கதான். அதுங்கள்லாம் நின்ன வண்டின்னா, போனது எந்த வண்டி? நாளைக்கு பேட்டி எடுக்க வர்ரவன் இவுரு கைல கேட்டான்னு வெச்சுக்க, இவுரு பொய் சொல்லத் தெரியாத ஆளு. முந்தாநேத்து டீ குடிச்சதுலேர்ந்து ஆரம்பிச்சி எல்லாத்தயும் சொல்லுவாரு."

வால்டர் ஆமாம் என்று தலையாட்டினார். அது உண்மையாக இருந்ததால் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

கிருஷ்ணப்பன் வெகுநேரம் பூங்கொத்தைப் பார்த்தார். பிறகு எழுத்தரை அழைத்து, விழா நாளில் அந்தச் சாலையில் விதிக்கப்பட்ட எல்லா அபராதங்களையும் ரத்து செய்யும்படி சொன்னார். முந்தைய நாளையதும் சேரட்டும் என்றாள் ஆலிஸ். சேர்ந்தது. விழா நாளில் அந்தச் சாலையில் நிறுத்தப்பட்ட வாகனம் ஒன்றுமே இல்லை என்று பதிவாகியது. ஆணையத்தின் வரலாற்றில் அப்படி ஒரு நாள் அதற்கு முன் இருந்ததில்லை.

கையெழுத்து வைத்து முடித்து, கைகுலுக்கி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார் கிருஷ்ணப்பன். படியிறங்கும்போது சாதாரணமாகக் கேட்டார். "இப்ப உங்க வண்டி எங்க நிக்குது?"

வால்டர் எர்ணாவூர் என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆலிஸ் அவர் காலை மிதித்தாள்.

"நிக்கல சார்," என்றாள். "வந்துகினே கீது."